வறண்ட ஓடையும் நீர்நிலைதான்: பாசன நீரில் கழிவு விடுவோருக்கும், காக்கத் தவறுவோருக்கும் கண்டனம்

விவசாயிகள் சங்கத்தின் கண்டன அறிக்கை
கார்வேட்டிநகரம், சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்

கார்வேட்டிநகரம் மண்டலத்திலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஏரியையும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் மாவும் பயிரிடுகிற உழவர்களின் சங்கம் இந்த அறிக்கையை வெளியிடுகிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஆறுகளிலும் ஓடைகளிலும் ஏரிகளிலும் சுத்திகரிக்காத ஆலைக் கழிவையும் நகரச் சாக்கடையையும் விடுவதை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. கழிவு விடுகிறவர்களைத் தடுக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேடு நடந்து முடிந்த பிறகு மாதிரிக் குப்பியோடு வந்து போகும் அரசுத் துறைகளையும் அதே வன்மையோடு கண்டிக்கிறது.

வற்றிக் கிடக்கும் ஓடையைக் காட்டி, "இங்கே தண்ணீரே இல்லையே, எதைக் கெடுத்துவிட்டார்கள்?" என்று புகார் கொடுக்க வந்த உழவனிடமே திருப்பிக் கேட்கும் வழக்கம் இனி நிற்க வேண்டும். எங்கள் பகுதியில் வறண்ட ஓடையில் விடும் கழிவுதான் எல்லாவற்றிலும் கொடிய கழிவு. அதற்கான காரணங்களையும், சட்டம் சொல்வதையும், எங்கள் கோரிக்கைகளையும் மக்கள் முன் வைக்கிறோம்.

எங்கள் நீரின் வழி

இந்த மண்ணில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழை பெய்யும் சில வாரங்களில் மலைச்சரிவிலிருந்து ஓடைகளில் இறங்கி வருவதை ஏரிகளில் தேக்குகிறோம். ஏரியில் தேங்கியது மண்ணுக்குள் ஊறிக் கிணற்றுக்கு வருகிறது. கிணற்றில் ஊறியதை வைத்துத்தான் கோடையைக் கடக்கிறோம். ஊருக்குள் ஸ்கந்த புஷ்கரிணிக் குளத்தைக் கட்டி வைத்த முன்னோர்களும், ஊருக்கு ஊர் ஏரியும் வரத்துக்கால்வாயும் வெட்டி வைத்தவர்களும் இந்தக் கணக்கை அறிந்தவர்கள். மழைநாளில் ஓடையில் வருவதே மறுகோடையில் கிணற்றில் இருக்கும் என்பது இங்கே உழுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

எங்கள் ஓடைகள் எங்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. கார்வேட்டிநகரத்துக்கு அருகே உள்ள கிருஷ்ணாபுரம் அணையின் மதகைத் திறந்தால் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. அந்த நீர் கொசஸ்தலை ஆறாக ஓடிப் பூண்டி ஏரியை அடைகிறது. நகரி ஆறும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி ஏரி இன்றும் சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. எங்கள் மேட்டில் ஓடைக்குள் இறங்குகிற நஞ்சு எங்கள் வயலைக் கெடுக்கும். பள்ளிப்பட்டு உழவரின் வயலைக் கெடுக்கும். பெருநகரத்தின் குடிநீர்க் குழாய் வரைக்கும் போகும்.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாற்றத்தில் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர் மாவட்டமும் பிரிந்து, புத்தூர் உள்ளிட்ட பகுதிகள் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. இன்று ஒரே வடிநிலத்துக்கு இரண்டு மாநிலங்கள், மூன்று மாவட்ட ஆட்சியர்கள், இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கோடுகள் வசதியாகப் போயின. ஆனால் கழிவுநீர் எந்த எல்லைக் கல்லிலும் நிற்பதில்லை.

எந்தக் கழிவு, என்ன கேடு

மா எங்கள் வாழ்வு. சித்தூர்ச் சீமையின் தோத்தாபுரி மாங்காய் மாங்கூழ் ஆலைகளை நம்பியே விளைகிறது. அந்த ஆலைகள் ஓட வேண்டும், நல்ல விலை கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் நாங்களே. ஆனால் கோடை முடிவில் பருவம் தொடங்கியதும் பழம் கழுவிய நீரும், கூழ் எடுத்த இயந்திரங்களைக் கழுவிய நீரும், தோலும் கொட்டையும் அழுகி வடிகிற சாறும் ஆலைகளில் பெருகுகின்றன. பழக் கழிவுதானே, உரம்தானே என்று சொல்லி இதை ஓடையில் விடுவதை ஏற்க முடியாது. சர்க்கரையும் அமிலமும் நிறைந்த இந்தக் கழிவு, நீரில் உள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். ஏரியில் மீன் செத்து மிதக்கும். உயிர்வளி இல்லாத சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும். அந்த நீரை இறைத்தால் சொட்டுநீர்க் குழாய்களின் துளைகள் செம்மண் நிறத்தில் அடைத்துக்கொள்ளும். மானியமும் கடனும் வாங்கிப் போட்ட குழாயைப் பிடுங்கிப் போட வேண்டி வரும்.

நகரி, புத்தூர் வட்டாரங்களில் விசைத்தறியோடு சேர்ந்து சாயத் தொழிலும் நடக்கிறது. அங்கிருந்து சாயக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்ற புகார் இன்று நேற்று எழுந்ததல்ல. சாயக் கழிவில் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத உப்பு கொடியது. நூலில் சாயம் ஏறிப் பிடிப்பதற்காக உப்பைச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பும் வேதிப்பொருளும் போட்டு நிறத்தைப் போக்கிவிடலாம்; உப்பு அப்படிப் போகாது. தெளிந்த நீராக வெளியே வந்து, நிலத்தில் ஏறி, மண்ணின் துகள்களைப் பிரித்து, வயலை மேலே ஓடு கட்டிய களராக்கும். மழை பெய்தாலும் நீர் இறங்காத மண்ணில் விதை முளைக்காது. நிறம் போய்விட்டதைக் காட்டி நல்ல நீர் என்று சான்று கொடுப்பதை எங்களால் ஏற்க முடியாது.

நகரங்களின் பங்கும் சிறியதல்ல. சித்தூர் நகரத்தின் சாக்கடை நீவா ஆற்றில் இறங்குகிறது. நீவா பொன்னையாறாகித் தமிழ்நாட்டுக்குள் போய்ப் பாலாற்றில் சேர்கிறது. திருப்பதியின் கழிவுநீர் சுவர்ணமுகியைக் கெடுத்திருக்கிறது. கழிப்பறைத் தொட்டிகளை உறிஞ்சும் டேங்கர் லாரிகள் ஊருக்கு வெளியே ஓடையிலோ ஏரி உள்வாயிலோ காலி செய்துவிட்டுப் போகும் வழக்கமும் உண்டு. அந்த நீர் பாய்ந்த கீரையும் தக்காளியும் கிருமியோடு சந்தைக்குப் போகும். விளைவித்த உழவனுக்குப் பழி. வாங்கிச் சாப்பிட்டவருக்கு நோய்.

வறண்ட ஓடையில் ஏன் கேடு அதிகம்

நீர் நிறைந்து ஓடும் ஆற்றில் கழிவு விடுவதும் குற்றம்தான். அங்கே ஓடும் நீர் கழிவைக் கொஞ்சமாவது நீர்க்கச் செய்யும். வறண்ட ஓடையில் அதற்கு வழியே இல்லை. விட்ட கழிவு முழுவதும் மணலுக்குள் இறங்கிவிடும். அடியில் இருப்பது கடினப் பாறை. எங்கள் நிலத்தடி நீர் பெரிய நிலத்தடி ஏரியாகத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் வெடிப்புகளிலும் பிளவுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. எந்த வெடிப்பு எந்தக் கிணற்றோடு சேர்கிறது என்பதை மேலே நின்று சொல்ல முடியாது. ஓடையை ஒட்டிய கிணறு தப்பிவிடலாம். இரண்டு வயல் தள்ளி இருக்கும் போர்வெல்லில் நுரை வரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலத்தடி நீரைப் பெருக்குவதற்காக அரசுப் பணத்திலும் எங்கள் உழைப்பிலும் ஓடைகளில் தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் கட்டியிருக்கிறோம். நீரைப் பிடித்து நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவதே அவற்றின் வேலை. ஓடையில் வருவது கழிவு என்றால், அதையும் அவை அதே போலப் பிடித்து நிறுத்திக் கிணறுகளுக்குள் இறக்கும். நீரூட்டக் கட்டியதே நஞ்சூட்டும் வழியாகிவிடும். ஓடை காய்ந்திருக்கும் மாதங்களில் காவல் கூடுதலாக இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். கூழ் ஆலைகள் முழு வேகத்தில் ஓடும் பருவத்தில் எங்கள் ஓடைகள் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கின்றன.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பது

நாங்கள் புதிய சட்டம் எதுவும் கேட்டு நிற்கவில்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தன் 2-ஆம் பிரிவிலேயே நீரோட்டம் எது என்று விளக்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தாலும் அப்போதைக்கு வறண்டிருந்தாலும் நீர்வழி நீர்வழியே என்று அது சொல்கிறது. நிலத்தடி நீரையும் அந்த விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. வறண்ட ஓடையைக் காட்டி எங்களைத் திருப்பி அனுப்புகிற அதிகாரிகள் இந்தப் பிரிவை ஒரு முறை படிக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, நச்சுப் பொருளை நீரோட்டத்திலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ தெரிந்தே விடுவதைத் தடுக்கிறது. அவசர நிலையில் உடனே தலையிட 32-ஆம் பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. 33-ஏ பிரிவின் கீழ் ஆலையை மூடவும், அதற்குப் போகும் மின்சாரத்தையும் நீரையும் நிறுத்தவும் வாரியம் உத்தரவிடலாம். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசனத்துக்காக நிலத்தில் விடுவதானாலும் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசன நீரின் மின்கடத்துத் திறன் 2,250 மைக்ரோமோவுக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. அளவுகோலும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தும் உறுதியைத்தான் காணவில்லை.

உழவனிடம் ஆதாரம் கேட்பதையும் கண்டிக்கிறோம். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் நாட்டின் சட்டமாக ஏற்றது. தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துகிறவர் மேல்தான் இருக்கிறது என்றும் சொன்னது. ஆயக்கட்டில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் ஆய்வகத்துக்குப் பணம் கட்டித் தன் கிணறு கெட்டதை நிரூபிக்க வேண்டும், ஆலை வாயைத் திறக்க வேண்டியதில்லை என்ற இன்றைய நடைமுறை அந்தத் தீர்ப்பையே தலைகீழாகப் பிடிக்கிறது.

தண்டனையைத் தளர்த்தும் போக்கும் எங்களைக் கவலைப்படுத்துகிறது. நீர்நிலையில் மாசு விடுவதற்கு ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்று இருந்ததை, 2024-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான தண்டத் தொகையாக மாற்றியது. கோடிகளில் வரவு செலவு பார்க்கும் ஆலைக்கு 10,000 ரூபாய் ஒரு நாள் டீசல் செலவுகூட ஆகாது. கெட்டுப்போன கிணற்றின் உழவனுக்கோ அந்தக் கேடு பல தலைமுறைக் கடன்.

தாமதத்துக்கு மற்ற ஊர்கள் கொடுத்த விலை

எங்கள் பக்கத்துப் பாலாற்றங்கரையைப் பாருங்கள். வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாக 1996 தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. அதன் பிறகும் என்ன நடந்தது? 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றுக்காக, இதே தோல் கழிவுக்காக, விடுபட்ட இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் போனது 28 ஆண்டுகளுக்கும் மேல். வழக்குத் தொடங்கியபோது ஏர் பிடித்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இருந்தார்கள்?

நொய்யலாற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் இடமாகி, "அணையைத் திறக்காதீர்கள்" என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவை வெளியே விடாத முறைக்கு அந்தத் தொழில் நகர்ந்தது. முதலிலேயே செய்திருந்தால் அணையும் பிழைத்திருக்கும், தொழிலாளர்கள் வேலையிழந்து தெருவில் நின்றிருக்கவும் மாட்டார்கள்.

ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் இரசாயன ஆலைகள் கொட்டிய கசடு கிணறுகளைக் கெடுத்தது. 1996 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 37 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சீரமைப்புத் தொகையை ஆலைத் தரப்பு கட்டாமல் இழுத்தடித்ததால் 2011-இல் உச்ச நீதிமன்றம் கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடியில் பரவிக் கிணறுகளைக் கெடுத்த வழக்கில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு விதித்தது. மக்கள் வென்ற வழக்குகள் இவை. ஆனாலும் தீர்ப்பு கிணற்றைத் திருப்பித் தந்துவிடுவதில்லை.

எங்களுக்கு வழிகாட்டும் ஊர் ஒன்றும் உண்டு. ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றில் கமியோகா சுரங்கம் விட்ட காட்மியம், பாசன நீர் வழியாக நெல்லில் ஏறி, எலும்பு நொறுங்கும் நோயை மக்களுக்குக் கொடுத்தது. வழக்கில் வென்ற உழவர்கள் 1972-இல் இழப்பீட்டோடு நிற்கவில்லை. தாங்கள் நியமிக்கும் வல்லுநர்களோடு சுரங்கத்துக்குள் போய்ச் சோதனையிடும் உரிமையையும், அதன் செலவை நிறுவனமே ஏற்பதையும் எழுத்தில் வாங்கினார்கள். அந்தச் சோதனை ஆண்டுதோறும் தொடர்ந்து வருகிறது. கெட்ட வயல்களின் மண்ணை மாற்றிச் சீராக்கும் வேலை 2012 வரை நடந்தது. காவலைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுத்தால் ஆறு மீளும் என்பதற்கு ஜின்சு சான்று. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை அந்த உழவர்கள் ஒப்பந்தமாகவே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

எங்கள் கண்டனம்

சுத்திகரிப்பு நிலையம் கட்டி வைத்து, மின்செலவுக்கு அஞ்சி அதை ஓட்டாமல், இரவில் மதகைத் திறந்துவிடும் ஆலைகளைக் கண்டிக்கிறோம்.

கழிவை வாங்கிக்கொண்டு போய் ஊராருக்குத் தெரியாமல் ஓடையில் கொட்டும் லாரி உரிமையாளர்களையும், கழிவு எங்கே போகிறது என்று கேட்காமல் அவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பும் நிறுவனங்களையும் கண்டிக்கிறோம்.

சோதனைக்கு வரும் நாளை ஆலைக்கு முன்கூட்டியே தெரியவிடும் அதிகாரிகளையும், எடுத்த மாதிரியின் முடிவைப் புகார் கொடுத்தவருக்குக் காட்டாமல் கோப்பில் போட்டு வைப்பவர்களையும் கண்டிக்கிறோம்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நாங்கள் கொடுத்த மனுவை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அனுப்பிவிட்டு, "தீர்வு காணப்பட்டது" என்று கணினியில் பதிந்து முடித்துவிடும் வழக்கத்தைக் கண்டிக்கிறோம்.

தங்கள் சாக்கடைக்கு ஆற்றைத் தவிர வேறு வழி தேடாத உள்ளாட்சிகளைக் கண்டிக்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஓடை, வரத்துக்கால்வாய், ஏரி, குட்டை அனைத்தையும், வறண்டவை உட்பட, நீர்நிலைகளாக வரைபடத்தில் குறித்து, கழிவு விடத் தடை என்ற ஆட்சியர் உத்தரவை ஒவ்வோர் ஊரிலும் பலகையாக நட வேண்டும்.

2. கூழ் பருவம் தொடங்கும் முன் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை, ஆண்டுக்கு இரண்டு தடவை ஆயக்கட்டுக் கிணறுகளின் நீரை அரசுச் செலவில் சோதிக்க வேண்டும். கார அமில நிலை, மின்கடத்துத் திறன், நைட்ரேட், குரோமியம், ஈயம் ஆகிய அளவுகளைத் தெலுங்கிலும் தமிழிலும் கிராமச் செயலகத்தில் ஒட்ட வேண்டும். கெடுவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாததால்தான் இழப்பீட்டுக் கணக்கில் உழவன் தோற்கிறான்.

3. மாங்கூழ் ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையங்களைப் பருவத்துக்கு முன்பே நேரில் சோதித்து, ஓடும் நிலையில் உள்ளவற்றுக்கு மட்டுமே அந்தப் பருவத்தில் இயங்க அனுமதி தர வேண்டும். தோலையும் கொட்டையையும் உரமாகவும் தீவனமாகவும் எரிபொருளாகவும் மாற்ற ஆலைகளைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

4. நகரி, புத்தூர் சாயப்பட்டறைகளுக்கு உப்பையும் மீட்டெடுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை அரசு அமைக்க வேண்டும். சிறு பட்டறைகளுக்கு நிதியுதவி தர வேண்டும். நெசவாளரின் பிழைப்பும் எங்கள் பிழைப்பும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஒருவர் வாழ்வுக்காக இன்னொருவர் கிணறு கெட வேண்டியதில்லை.

5. கழிவு ஏற்றும் டேங்கர்கள் அனைத்திலும் ஜி.பி.எஸ். கருவி இருக்க வேண்டும். எங்கே ஏற்றியது, எங்கே இறக்கியது என்ற சீட்டு இல்லாத வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

6. ஜின்சு உழவர்களுக்குக் கிடைத்த உரிமை எங்களுக்கும் வேண்டும். ஒவ்வோர் ஆயக்கட்டிலிருந்தும் இரண்டு உழவர்கள், அவர்களில் ஒருவர் பெண், வாரிய அதிகாரிகளோடு முன்னறிவிப்பின்றி ஆலைக்குள் சென்று கழிவு வெளியேறும் இடத்தைப் பார்க்க ஆணை பிறப்பிக்க வேண்டும்.

7. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும். முடிவின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் தர வேண்டும். கேடு உறுதியானால் 33-ஏ பிரிவின் கீழ் உடனே மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

8. நீரை மாசுபடுத்த வாய்ப்புள்ள ஆலைகளிடம் முன்வைப்புத் தொகை பெற்று ஒரு நிதி உருவாக்க வேண்டும். கிணறு கெட்ட உழவருக்கு அதிலிருந்து உடனடி இழப்பீடும் மாற்று நீரும் தர வேண்டும். ஒரு பருவத்துப் பயிரை மட்டும் கணக்கிடாமல் நிலம் மீளும் வரை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும்.

9. நீவாவிலும் சுவர்ணமுகியிலும் சுத்திகரிக்காத சாக்கடை இறங்குவதை நிறுத்தக் காலக்கெடுவோடு கூடிய திட்டத்தை இரு மாவட்ட நிர்வாகங்களும் வெளியிட வேண்டும்.

10. கொசஸ்தலை, நகரி ஆறுகளுக்காக ஆந்திரம், தமிழ்நாடு இரு மாநில வாரியங்களும் இரு பக்கத்து உழவர்களும் சேர்ந்த கூட்டுக் கண்காணிப்புக் குழுவை அமைக்க வேண்டும். பாசன நீரைத் தெரிந்தே நஞ்சாக்குவோருக்குச் சிறைத் தண்டனை இருக்க வேண்டும்.

எங்கள் பங்கு

பிறரைக் கண்டிக்கும் சங்கம் தன் உறுப்பினர்களுக்கும் கட்டுப்பாடு வகுக்க வேண்டும். பூச்சிமருந்துத் தெளிப்பானையும் காலி டப்பாக்களையும் கிணற்றடியிலோ கால்வாயிலோ கழுவக் கூடாது. சொட்டுநீர்க் குழாயில் உரம் கரைத்து விடுபவர்கள், மோட்டார் நின்றதும் அந்த உரநீர் கிணற்றுக்குள் திரும்பிப் போகாதபடி நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்த வேண்டும். கோழி எருவை ஏரி உள்வாயில் குவிக்கக் கூடாது. ஆலைக் கழிவை இலவச உரம் என்று சொல்லி நிலத்தில் வாங்கிவிடக் கூடாது; சோதனைச் சீட்டு இல்லாத எந்த நீரையும் வயலில் ஏற்ற வேண்டாம். கையடக்க மின்கடத்துத் திறன் மீட்டர்களை ஊர்தோறும் வாங்கி, மாதம் ஒரு முறை கிணறுகளின் அளவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். அளவு திடீரென ஏறினால் அன்றே கிராமச் செயலகத்திலும் திருப்பதியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள்.

ரசீதையும் நோட்டுப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் சுற்றுச்சூழல் வழக்கை ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீட்டு மனுவை ஐந்து ஆண்டுக்குள்ளும் போட வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. போய்ப் பார்க்கலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று நாள் தள்ளினால் நம் உரிமை காலாவதியாகிவிடும்.

அடுத்த நடவடிக்கை

இந்த அறிக்கையின் தெலுங்கு, தமிழ்ப் படிகளை இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும், ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புகிறோம். 30 நாட்களுக்குள் முதல் மூன்று கோரிக்கைகள் மீது எழுத்துப்பூர்வமான பதில் வர வேண்டும். வராவிட்டால் ஒவ்வோர் ஊரின் கிணற்று நீரையும் குப்பியில் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வாயிலில் அமைதியாக அமர்வோம். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வையும் நாடுவோம்.

பள்ளிப்பட்டு, திருத்தணி உழவர்களே, இந்த ஆறு உங்களுடையதும்தான், எங்களோடு சேருங்கள். ஆலைத் தொழிலாளர்களே, கழிவை முதலில் தொடுவது உங்கள் கைகள்தான். உங்களுக்கு எதிராக நாங்கள் இல்லை. சென்னை மக்களே, உங்கள் குழாயில் வரும் நீரின் ஒரு பங்கு எங்கள் ஓடையில் தொடங்குகிறது. எங்கள் குரலுக்கு வலு சேர்த்திடுங்கள்.

எங்கள் ஓடைகளில் நீர் ஓடும் நாளிலும் ஓடாத நாளிலும் ஒரு சொட்டுக் கழிவையும் அனுமதிக்க மாட்டோம். அதைத் தடுக்கும் கடமை அரசுடையது. அந்தக் கடமையைச் செய்ய வைக்கும் வரை எங்கள் சங்கம் ஓயாது.

இவண்,
சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
கார்வேட்டிநகரம்.